20 ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் முடிவுக்கு வரும் வழிநடை பாத்தியம்: சட்டம் கூறுவது என்ன?

மும்பை: அணுசக்தித் துறையின் குடியிருப்பான மும்பை அணுசக்தி நகரில் பணிக்காலம் முழுவதையும் கழிக்கும் ஊழியர்களுக்கு அங்கு பாதைத் தகராறு எழ வாய்ப்புக் குறைவு, வீடுகள் அரசுக்குச் சொந்தமானவை. ஓய்வுபெற்றுச் சொந்த ஊர் திரும்பும்போதுதான், பழைய கிரயப் பத்திரத்தில் உள்ள "மாமூல் வழிநடை பாத்தியம்" என்ற சொற்கள் சிக்கலாகக்கூடும்.

அடுத்தவர் நிலத்தின் வழியாக நடக்கவோ, நீர் கொண்டுசெல்லவோ உள்ள இத்தகைய உரிமைகளை 1882-ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் அமலான இச்சட்டம், 1891-இல் பம்பாய்க்கும் விரிவுபடுத்தப்பட்டது.

வேறு வழியே இல்லாத நிலத்துக்குச் சட்டம் அளிக்கும் பாதை, அந்தத் தேவை தீர்ந்ததும் 41-ஆவது பிரிவின்படி முடிவுக்கு வருகிறது. நிலத்தின் உரிமையாளர் பின்னர் பக்கத்து நிலத்தில் ஒரு பகுதியை வாங்கி அதன் வழியே சென்றுவர முடிந்தால், பழைய பாதையைக் கோர முடியாது. ஆனால், பத்திரத்தின் மூலம் எழுதித் தரப்பட்ட பாதைக்கு இது பொருந்தாது. அது ஒப்பந்தத்தால் உருவான உரிமை என்பதால், மாற்று வழி கிடைத்தாலும் அழியாது என்று தமிழகத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் தெளிவுபடுத்தியது. "இப்போதுதான் தெருப்பக்கம் வழி இருக்கிறதே" என்று கூறி வேலி அடைப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது இந்த வேறுபாட்டைத்தான்.

வெளியூரில் வாழ்வோரை அதிகம் பாதிக்கக்கூடியது 47-ஆவது பிரிவு. தொடர்ந்து 20 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத பாதை உரிமை அழிந்துவிடும். அப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது என்பதுகூட ஏற்கத்தக்க காரணமல்ல. எனினும், நிலம் கூட்டுச் சொத்தாக இருந்து, ஊரிலுள்ள சகோதரர் ஒருவர் அப்பாதையில் சென்றுவந்தாலே உரிமை நிலைக்கும். அவ்வாறு யாரும் இல்லாதவர்கள், 20 ஆண்டுகள் முடிவதற்குள் பாதை உரிமையைத் தக்கவைத்துக்கொள்வதாக ஓர் அறிவிப்பைப் பதிவு செய்தால், பதிவு நாளிலிருந்து மேலும் 20 ஆண்டுகளுக்கு உரிமை அழியாது. அவசியத்தால் உண்டான பாதைக்கு இந்தக் காலவரம்பு கிடையாது.

இரு நிலங்களும் முழுமையாக ஒரே உரிமையாளரிடம் சேர்ந்தாலும் உரிமை மறைந்துவிடும்.

இரு தரப்பும் உடன்பட்டால் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. பாதை உரிமை உள்ளவர் அதை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். உரிமையின் மதிப்பு 100 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் அதைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவான ஆவணம் வில்லங்கச் சான்றில் இடம்பெறுவதால், பின்னாளில் நிலத்தை வாங்குவோருக்கும் பாதையின் நிலை தெரியவரும்.