பீனோலை அறியும் நொதிய மின்வாய்

அரிந்த வாழைக்காயை நீரிலிடாது வைத்தால் அது விரைவிற் கறுத்துவிடுதலை அடுக்களையிற் பழகியோர் யாவரும் அறிவர். காயின் கலங்கள் சிதையுங்கால், அவற்றுள் வெவ்வேறிடங்களில் இருந்த பீனோற் பொருள்களும் நொதியமும் ஒன்று கலக்கின்றன. நொதியம் காற்றின் ஒட்சிசனைக் கொண்டு அப்பொருள்களைக் குயினோன்களாக்க, அவை தம்முள் இணைந்து கருநிறம் பெறுகின்றன. தேயிலைக் கொழுந்து அரைபட்டபின் நிறம் மாறுதற்கும் இவ்வினத்து நொதியமே காரணமாம். இவ்வெளிய நிகழ்ச்சியே நீரிலுள்ள நஞ்சொன்றை அளக்குங் கருவிக்கு அடிப்படையாயிற்று.

அத்தகைய கருவியின் தேவையை 1984ஆம் ஆண்டு சனவரியில் வேல்சு நாட்டு டீ ஆறு உணர்த்திற்று. ஏறத்தாழ 20 இலட்சம் மக்களுக்குக் குடிநீர் வழங்கிய அவ்வாற்றிற் பீனோல் கலந்தது. நீரைத் தூய்மையாக்கச் சேர்த்த குளோரீனே பீனோலுடன் கூடிக் குளோரோபீனோல்களை ஆக்கி, நீரைச் சுவைக்கவொண்ணாததாக்கியது. இத்துணைக்கும் குடிநீரிற் பீனோல் இலீற்றருக்கு 0.5 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாதென ஐரோப்பிய சமூகம் 1980இலேயே விதித்திருந்தது.

வெறும் மின்வாயிலும் பீனோலை ஒட்சியேற்றி அளக்கலாம். ஆயின் அதற்கு உயர்ந்த அழுத்தம் வேண்டும். பிற பொருள்களும் உடன் தாக்கமுறும். விளைபொருள் மென்படலமாகப் படிந்து மின்வாயை மழுக்கிவிடும். 1962இற் கிளாக்கு, இலையன்சு என்னும் இருவர் குளுக்கோசை அளத்தற்கு மின்வாயோடு நொதியத்தைச் சேர்க்கும் வழியைக் காட்டினர். பீனோலுக்குப் பெரிதும் பயன்படுவது காளானிலிருந்து பெறப்படும் தைரோசினேசு. செப்பணுக்கள் இரண்டைத் தன்னகத்தே கொண்ட இந்நொதியம் பீனோலைக் கதெக்கோலாகவும், பின்னர்க் குயினோனாகவும் மாற்றும். வெள்ளி–வெள்ளிக் குளோரைட்டு மின்வாயை நோக்க மறை 0.2 உவோற்று அளவில் வைக்கப்பட்ட காபன் மின்வாய், அக்குயினோனுக்கு இரண்டு இலத்திரன்களை ஈந்து மீண்டுங் கதெக்கோலாக்கும். நொதியம் அதனை மறுபடியும் பற்றும். இங்ஙனம் ஒரே மூலக்கூறு பன்முறை சுழன்று மின்னோட்டத்தைப் பெருக்குவதே இம்முறையின் சிறப்பு. மிகச் சிறிய செறிவும் இதனாற் புலப்படுகின்றது.

1985இற் சிட்வெல், இரெக்னிட்சு என்போர் நொதியத்தைப் பிரித்தெடுக்கவும் முயன்றிலர். வாழைப்பழச் சதையையே ஒட்சிசன் மின்வாயிற் பொருத்தித் தோபமீனை அளந்தனர். அடுக்களைக்கும் ஆய்கூடத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை போலும்!

குறைகளும் உள. குயினோன்கள் நொதியத்தை நாளடைவிற் செயலிழக்கச் செய்யும். மேலும், ஐதரொட்சிற் கூட்டத்தின் இருமருங்கும் குளோரீன் அடைத்துள்ள முக்குளோரோபீனோல் போன்றவற்றைத் தைரோசினேசு தாக்கமாட்டாது. பல பீனோல்கள் கலந்த நீரில் எது எவ்வளவெனப் பிரித்துரைத்தலும் அதற்கு அரிது. ஆகவே இம்மின்வாய் ஆற்றங்கரையில் விரைந்து எச்சரிக்கும். ஐயத்துக்குரிய நீரை நிறப்பகுப்பியல் முறையால் ஆய்கூடத்தில் ஆராயும் வேலை இன்றும் நீங்கவில்லை.