கொள்ளு ரசத்தின் ருசி இரகசியம்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நம் வீடுகளில் சுத்தபோசனம். கோழியும் இல்லை, ஆடும் இல்லை. கொங்கு நாட்டு அம்மாக்கள் அன்று அடுப்பில் ஏற்றுவது கொள்ளு. முதல் நாள் இரவே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, வடித்த நீரில் ரசம். வெந்த கொள்ளைப் பூண்டு, சீரகம் சேர்த்து அரைத்தால் கொள்ளுப் பருப்பு. அந்த ரசத்தைக் குடித்தால் ஆட்டெலும்பு ரசம் குடித்ததுபோல் நாவில் ஒரு நிறைவு தங்குகிறது. இறைச்சியே சேராத ரசத்தில் அது எங்கிருந்து வந்தது?

100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்களை மணிமணியாகக் கோத்த நீண்ட சரம். திருப்பூர்ப் பெண்களுக்கு இதை விளக்குவது எளிது. பனியன் துணியின் ஓர் இழையைப் பிடித்து இழுத்தால், வளையம் வளையமாகப் பிரிந்து ஒரே நூலாக வருகிறதல்லவா? புரதமும் அப்படி மடிந்து சுருண்டு கிடக்கும் நூலே. (பருத்தி நூல் மட்டும் புரதமன்று, அது செல்லுலோஸ். பட்டும் கம்பளியும் புரதங்கள்.) அந்த நூலைச் சிறு துண்டுகளாக நறுக்கினால் கிடைப்பவை பெப்டைடுகள். மணிகளைத் தனித்தனியே உதிர்த்துவிட்டால் அமினோ அமிலங்கள்.

முழுப் புரதத்துக்குப் பெரும்பாலும் ருசியே கிடையாது. நறுக்கிய பிறகுதான் ருசி பிறக்கிறது. நறுக்கும் கத்தரி, நொதி. விதை ஊறி முளைவிடத் தொடங்கியதும், இளஞ்செடிக்கு உணவூட்டுவதற்காக நொதிகள் விதையில் சேமித்த புரதத்தை வெட்டத் தொடங்குகின்றன. ஆகவே முளைகட்டிய கொள்ளு இன்னும் விசேஷம். நம் ஊரில் பனியன் துணியின் பிசிறை நீக்க 'பயோ வாஷ்' செய்கிறார்களே, அங்கே வேலை செய்வதும் ஒரு நொதிதான். ஆனால் அது செல்லுலோஸை வெட்டுமேயன்றிப் புரதத்தைத் தொடாது.

உதிரும் அமிலங்களில் ஒன்று குளூட்டாமிக் அமிலம். கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் இதுவே என்று 1908-இல் டோக்கியோ பேராசிரியர் கிகுனே இகெடா கண்டறிந்து, அந்தச் சுவைக்கு 'உமாமி' என்று பெயரிட்டார். மறு ஆண்டே அதன் உப்பு 'அஜினோமோட்டோ' என்ற பெயரில் கடைக்கு வந்தது. அந்தப் பொட்டலத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். பழுத்த தக்காளியில் இருப்பதும் அதே குளூட்டமேட்தான்!

பெப்டைடுகளின் குணமோ விசித்திரமானது. சில கசக்கும். இரண்டே அமினோ அமிலங்கள் இணைந்த பெப்டைடிலிருந்து ஆன அஸ்பார்டேம், சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிக்கும். இன்னும் சிலவற்றுக்குத் தமக்கென ருசி அநேகமாக இல்லை. ஆனால் உப்பையும் உமாமியையும் தூக்கிக் காட்டி, வாயில் நெடுநேரம் நிற்கச் செய்யும். இத்தன்மையை ஜப்பானியர் 'கொக்குமி' என்கிறார்கள். பூண்டுச் சாற்றில் 1990-இலும், பீன்ஸ் விதையில் 2007-இலும் இத்தகைய பெப்டைடுகளை ஆய்வாளர்கள் கண்டனர்.

குதிரைத் தீனி என்று கேலி செய்வார்களோ என எண்ணி, கொள்ளைப் பள்ளிக்குக் கொண்டுவரக் கூசுபவர்கள் நம்மில் உண்டு. பயறும் பூண்டும் தக்காளியும் ஒரே சட்டியில் சேர்வது எவ்வளவு பொருத்தம் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். குளூட்டமேட்டும் சிறு பெப்டைடுகளும் நீரில் கரைபவை. கொள்ளு வடித்த நீரைக் கொட்டினால் அவையும் போய்விடும். உப்பு குறைந்தால் உமாமி மங்கும். தக்காளியில் காயைவிடப் பழத்தில் குளூட்டமேட் பல மடங்கு அதிகம்; ரசத்துக்கு நன்கு சிவந்து கனிந்ததாகப் பார்த்து எடுங்கள்.