உங்களுக்குத் தெரியுமா? வெள்ளையும் கறுப்பும் கலந்து பிறந்த நீலம்

வெண்ணிறமான இட்ரியம் இண்டியம் ஆக்ஸைடையும் கரிய நிறமான இட்ரியம் மாங்கனீஸ் ஆக்ஸைடையும் உரிய விகிதத்தில் ஒன்றாக்கினால், நாம் எதிர்பார்க்கும் சாம்பல் நிறம் தோன்றாமல், கண்ணைப் பறிக்கும் நீலவர்ணமே பிரகாசிக்கிறது!

• 2009-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், சென்னையில் கல்வி பயின்ற மாஸ் சுப்பிரமணியனின் ஆய்வுக்கூடத்திலே, மின்னணுச் சாதனங்களுக்கான பதார்த்தம் ஒன்றைத் தேடுகையில் தற்செயலாய்க் கிடைத்த பொக்கிஷம் இது.

• ரகசியம் முழுவதும் அயனியின் ஆசனத்தில் இருக்கிறது. மேலும் கீழும் ஒவ்வொன்று, சுற்றிலும் மூன்று என ஐந்து பிராணவாயு அணுக்கள் சூழ அமர்ந்த மாங்கனீஸ் அயனி, சிவப்பையும் பச்சையையும் பெரும்பாலும் கிரகித்துக்கொண்டு, நீலத்தை மட்டும் நம் கண்களுக்கு விட்டுவைக்கிறது.

• மாங்கனீஸ் மிகுந்தால் நீலம் கருமையாகும்.