காசு வாங்கத் தெரிந்த சாலை

சென்னையிலிருந்து திருப்பதிக்குக் கிளம்பும் கார், திருவள்ளூரைத் தாண்டியதும் பட்டரைப்பெரும்புதூர் டோல்கேட்டில் நிதானிக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. மேலே பொருத்தியிருக்கும் கருவி 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸுக்குள் ரேடியோ அலையை அனுப்புகிறது. ஸ்டிக்கருக்குள் இருக்கும் சில்லு அந்த அலையிலிருந்தே துளி மின்சாரத்தை எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்கிறது. தன் எண்ணைச் சொல்வதற்கும் அது புதிதாக அலை எதையும் உண்டாக்குவதில்லை. வந்த அலையையே கூட்டியும் குறைத்தும் திருப்பி அடிக்கிறது. கருவி அதைப் படிக்கிறது, கணக்கில் பணம் கழிகிறது, தடுப்புக் கட்டை எழும்புகிறது. 2021 பிப்ரவரி 15 நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க இது கட்டாயம்.

காசு வாங்குவதில் இத்தனை கெட்டிக்காரத்தனம் காட்டும் இதே சாலையில் இன்னும் கொஞ்சம் தூரம் போனால் கனகம்மாசத்திரம். தக்கோலம் பக்கம் போகும் சாலை பிரியும் இடம். திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிற பஸ், டிப்பர் லாரி, குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோ, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எல்லாம் ஒரே தாரில். அங்கே எந்த வண்டி எந்த வேகத்தில் வருகிறது என்பது சாலைக்குத் தெரியாது. நாம் அறிவார்ந்த போக்குவரத்துத் தொழில்நுட்பம் என்று பேசத் தொடங்கியாகிவிட்டது. அந்த அறிவை டோல்கேட்டோடு நிறுத்திவிட்டோமோ என்பதுதான் என் கவலை.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு இரவு. கனகம்மாசத்திரத்தை அடுத்த ராமஞ்சேரி அருகே ஆந்திரத்திலிருந்து சென்னை திரும்பிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களின் காரும் லாரியும் மோதிக்கொண்டன. காரில் ஏழு பேர். ஐந்து பேர் பிழைக்கவில்லை. அந்த விபத்துக்கு யார் காரணம் என்பது காவல்துறையின் வேலை. நேருக்கு நேர் மோதல் என்னும் வகையைப் பற்றி இயற்பியல் சொல்வதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

இரண்டு வண்டிகள், இரண்டும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம், இடையே 200 மீட்டர். ஒருவர் ஓவர்டேக் செய்யத் தவறான பக்கம் வந்துவிட்டார், ஒதுங்க இடமில்லை. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஓட்டுநருக்கு இரண்டரை வினாடி ஆகும் என்று இந்தியச் சாலை வடிவமைப்பு விதிகள் வைத்துக்கொள்கின்றன. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இரண்டரை வினாடிக்குள் ஒவ்வொரு வண்டியும் 55 மீட்டர் ஓடிவிடும். இடைவெளியில் 110 மீட்டர் காலி, மிச்சம் 90. பிரேக் பிடித்தபின் நிற்க ஒவ்வொன்றுக்கும் சுமார் 70 மீட்டர் வேண்டும். இரண்டுக்குமாக 140 தேவை, இருப்பதோ 90. மோதல் தப்பாது. வேகம் 60 ஆக இருந்தால்? யோசிக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து 83 மீட்டர், பிரேக்கில் இரண்டும் சேர்ந்து 80 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் 160 சொச்சம். நாற்பது மீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் இரண்டும் நின்றுவிடும்; இரண்டு ஓட்டுநர்களும் இறங்கித் திட்டிக்கொள்ளலாம்.

ஆக, தொழில்நுட்பம் செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. வேகத்தில் இருபதைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநருக்கு இரண்டு மூன்று வினாடி முன்னதாகத் தகவல் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துகள், நாட்டிலேயே அதிகம், உயிரிழப்பு 17,884. நாடு முழுக்க நடந்த விபத்துகளில் பத்துக்கு ஏழுக்கும் மேல் அதிவேகத்தின் பெயரில் பதிவானவை. இந்த விகிதத்தை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம் உண்டு, ஏனென்றால் காரணம் என்ற கட்டத்தில் வேகம் என்று எழுதுவது சுலபம். வளைவின் கோணமும் எரியாத விளக்கும் அந்தக் கட்டத்துக்குள் வருவதில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கு பொய் சொல்லாது. காரணம் எதுவானாலும் விளைவைத் தீர்மானிப்பது வேகம்.

வேகத்தைப் பிடிக்க நம் ஊரில் தெரிந்த வழி, ஓரிடத்தில் கேமரா வைப்பது. ஓட்டுநர்கள் அதற்கு எப்போதோ மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள்: கேமரா தெரிந்ததும் பிரேக், தாண்டியதும் மிதி. இதற்கு மாற்று, இரு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படித்து இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிடுவது. பத்துக் கிலோமீட்டரை 80 வேகத்தில் கடக்க ஏழரை நிமிடம் ஆகும். ஒரு வண்டி ஆறு நிமிடத்தில் வந்து சேர்ந்தால் சராசரி 100. நடுவில் எங்கே மிதித்தார் என்று பார்க்கவே வேண்டாம். மும்பை–புனே விரைவுச்சாலையில் இந்த முறை வந்துவிட்டது. கேரளம் 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கிய 726 கேமராக்களைப் பற்றி நாம் நிறையப் படித்தோம். அவற்றில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட் பார்ப்பவை, வேகத்துக்கென்று வைத்தவை எட்டே எட்டு.

இங்கே ஒரு விஷயம் எனக்கு விசித்திரமாகப் படுகிறது. பட்டரைப்பெரும்புதூரில் ஒரு டோல்கேட், நகரியைத் தாண்டி எஸ்.வி.புரத்தில் இன்னொன்று. இரண்டிலும் ஒவ்வொரு வண்டியும் கடக்கும் நேரம் வினாடி சுத்தமாகப் பதிவாகிறது. இதை வைத்து அபராதம் போட முடியாது. நடுவில் திருத்தணி இருக்கிறது, முருகனைப் பார்க்காமல் எத்தனை பேர் போவார்கள்? டீக்கு நின்றாலே சராசரி குறைந்துவிடும். ஆனால் வண்டி எண்ணை அழித்துவிட்டு, கடந்து வந்த நேரத்தை மட்டும் எடுத்து நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குச் சேர்த்துப் பார்த்தால், எப்போதும் ஆகும் நேரத்தை விட இப்போது முக்கால் மணி கூடிவிட்டது என்பது தெரிந்துவிடும். இது வழியில் நெரிசல் என்பதற்கான அறிகுறி. புதிதாகக் குழி தோண்ட வேண்டாம், கம்பம் நட வேண்டாம். தகவல் ஏற்கெனவே இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்துவதுதான் பாக்கி.

நெரிசல் என்றால் ஆடிக் கிருத்திகை. காவடி எடுத்துத் திருத்தணிக்கு வரும் கூட்டம் சாலையை நிறைத்துவிடும் நாள். அன்றைய நெரிசலுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும். காரணமே தெரியாத நெரிசலும் உண்டு. திடீரென்று எல்லாரும் நிற்கிறார்கள், ஊர்கிறார்கள், பிறகு சாலை விட்டுவிடுகிறது. விபத்தும் இல்லை, பழுதான லாரியும் இல்லை. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் களத்தில் செய்து காட்டினார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லாரும் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டுங்கள் என்றார்கள். சற்று நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, அதற்குப் பின்னால் இருந்தவர் நின்றேவிட்டார். அந்த நின்ற இடம் ஓர் அலையாக, மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. வண்டிகள் முன்னே போகின்றன, நெரிசல் பின்னே வருகிறது.

இதற்கான வைத்தியம் கேட்கும்போது ஏமாற்று மாதிரி இருக்கும்: முன்னால் நெரிசல் என்று தெரிந்தால், பின்னால் வருகிறவர்களை இப்போதே மெதுவாக வரச் சொல்வது. லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலையில் 1995லேயே இதைத் தொடங்கிவிட்டார்கள். சாலையில் பதித்த உணரிகள் வண்டிகளை எண்ணும். அடர்த்தி ஒரு வரம்பைத் தாண்டினால் மேலே உள்ள பலகையில் வேக வரம்பு தானாகக் குறையும். எல்லாரும் சீராக மெதுவாக வந்தால் அலை எழாது, பின்னால் இடிப்பதும் குறையும்.

சரி, அதைத் தூக்கிவந்து திருத்தணிச் சாலையில் வைத்துவிடலாமா? முடியாது. அந்த உணரி, தாருக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள். மேலே இரும்பு வந்தால் சுருளின் மின்தூண்டல் மாறும், ஒரு வண்டி என்று எண்ணிக்கொள்ளும். ஒரு தடத்தில் ஒரு சமயத்தில் ஒரு வண்டி என்பது அதன் நம்பிக்கை. நம் ஊரில் ஒரு பஸ்ஸின் தோளோடு இரண்டு பைக், நடுவில் மூக்கை நுழைக்கும் ஆட்டோ. சுருள் குழம்பிப்போகும். சென்னை ஐ.ஐ.டி.யில் லலிதா வனஜாட்சி, பாபி ஜார்ஜ் முதலியோர் அடங்கிய குழு 2010களின் தொடக்கத்தில் இந்தக் குழப்பத்தையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டது. பெரிய சுருளுக்குள் சின்னச் சுருள்களை வைத்து, பைக் வந்தால் ஒரு குறி, பஸ் வந்தால் வேறு குறி, பக்கத்தில் பக்கமாக வந்தாலும் தனித்தனியாக எண்ணும்படி செய்தார்கள். தடம் பிடித்து ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு உபதேசம் செய்வதற்குப் பதில், மக்கள் ஓட்டுகிற விதத்துக்குக் கருவியைப் பழக்கிய இந்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது அலை கேமராப் பக்கம் திரும்பியிருக்கிறது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2023இல் வெளியிட்ட கொள்கைப்படி, பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு கேமரா, நூறு கிலோமீட்டருக்கு ஒரு கட்டுப்பாட்டு மையம். மூன்று பேர் ஏறிய பைக், எதிர்த்திசையில் வரும் வண்டி, சாலையில் நிற்கும் மாடு என்று 14 வகை நிகழ்வுகளைக் கணினி தானே அடையாளம் காணும். எல்லையோரச் சாலைக்கு இதில் ஒரு வசதியும் உண்டு: வாகனப் பதிவேடு நாடு தழுவியதாக இருப்பதால், ஆந்திர நம்பர் பிளேட்டைத் தமிழ்நாட்டுக் கேமரா படித்தாலும் உரிமையாளர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும்.

ஆனால் பிடிப்பது வேறு, தடுப்பது வேறு. கனகம்மாசத்திரம் மாதிரி கூட்டுச்சாலைக்கு நான் வாங்கித் தர நினைப்பது கேமரா இல்லை, நியூசிலாந்தில் 2012 முதல் சோதித்துப் பார்த்த ஓர் எளிய பலகை. அங்கே நாட்டுப்புற நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு 100. கிளைச் சாலையிலிருந்து ஒரு வண்டி சந்திப்பை நெருங்கினால் உணரி அதைக் கண்டுகொள்ளும்; உடனே பெரிய சாலையின் பலகையில் 70 என்று ஒளிரும். கிளையில் யாரும் இல்லையென்றால் பலகை இருட்டு. கடும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. நம் சந்திப்புகளில் சோலாரில் இரவும் பகலும் கண்சிமிட்டும் மஞ்சள் விளக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எப்போதும் எச்சரிக்கும் விளக்கு எதையும் எச்சரிப்பதில்லை; தினமும் போகிற டிரைவருக்கு அது கம்பத்தின் ஒரு பாகம்.

நடப்பவர்களுக்கு? புரட்டாசியில் திருப்பதிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில் நடப்பார்கள். 2022இல் நாட்டில் இறந்தவர்களில் 32,825 பேர் பாதசாரிகள், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். இவர்களை அடையாளம் காணும் வெப்பக் கேமரா உண்டுதான். ஆனால் சாலையோரமாக நாலடி அகலத்தில் தனி நடைபாதை போட்டால் எந்தக் கணினியும் வேண்டியதில்லை. சில இடங்களில் தொழில்நுட்பம் என்பது, செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்கான சாக்கு.

பெங்களூரு–மைசூரு நெடுஞ்சாலையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023இல் திறந்த புதிதில் அங்கே சாவு மேல் சாவு. அந்த ஆகஸ்ட் 1 முதல் பிரதானப் பாதையில் பைக்கும் ஆட்டோவும் வரக் கூடாது என்றார்கள். வேகத்தைப் பிடிக்கும் கேமராக்களும் வந்தன. மறு ஆண்டில் உயிரிழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. கேமராவின் வெற்றி என்று விளம்பரம் செய்பவர்கள் பைக் தடையைச் சொல்வதில்லை. அந்தச் சாலைக்குப் பக்கத்தில் பைக்குகள் போகத் தனி சர்வீஸ் ரோடு உண்டு. எல்லா ஊருக்கும் அந்த வசதி கிடையாது.

எந்த இடத்தில் எது வேண்டும் என்று தீர்மானிக்க ஒரு கருவி ஏற்கெனவே போலீஸ்காரரின் கைபேசியில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் அது; 2021இல் அது முதலில் வந்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. விபத்து நடந்த இடத்தில் நின்றபடியே அட்சரேகை, தீர்க்கரேகையோடு பதிய வேண்டும். ஐந்நூறு மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் சாவோ படுகாயமோ உள்ள ஐந்து விபத்துகள், அல்லது பத்து மரணங்கள் என்றால் அது பிளாக் ஸ்பாட். முன்பெல்லாம் எஃப்.ஐ.ஆரில் ‘ஊருக்கு மேற்கே, புளியமரத்துக்கு அருகில்’ என்று எழுதுவார்கள். மரத்தை வெட்டியபின் இடமும் போய்விடும். இப்போது புள்ளி வரைபடத்தில் நிற்கிறது. ஐந்து விபத்தோ பத்துச் சாவோ நடக்கும்வரை காத்திருக்கும் இந்த இலக்கணம்தான் எனக்கு உறுத்துகிறது. மயிரிழையில் தப்பிய சம்பவங்களைக் கேமராவால் எண்ண முடியும். திடீர் பிரேக்குகள் எங்கே அதிகம் என்று பார்த்தாலே அடுத்த பிளாக் ஸ்பாட் எது என்று ஊகித்துவிடலாம்.

மோதல் நடந்தபின் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆந்திரத்து வண்டிகளும் ஓடும் இந்தச் சாலைக்கு அந்த ‘எந்த ஊர்க்காரராக இருந்தாலும்’ மிக முக்கியம். உதவி செய்தவரைப் பெயர் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்கீழ் வந்த விதிகள் சொல்கின்றன.

தேசிய நெடுஞ்சாலையில் அடிபட்ட வண்டியையோ, நடுவில் படுத்திருக்கும் மாட்டையோ பார்த்தால் 1033க்குப் போன் போடலாம். அப்போது ‘கனகம்மாசத்திரம் தாண்டி’ என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு எதுவும் விளங்காது. சாலையோரத்தில் மஞ்சள் தலையோடு நிற்கும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், வண்டி சென்னைப் பக்கம் போகும் திசையில் கிடக்கிறதா திருப்பதிப் பக்கம் போகும் திசையில் கிடக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.