பயண வண்டிக்கு ஒரு குளிர்ப்பெட்டி

நெடும்பயணம் புறப்படும் வீட்டில் முதலில் அமளிப்படுவது அடுக்களைதான். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எம் பாட்டன்மார் காலத்தில் இத்தூரத்துக்குப் புளிச்சாதப் பொதியும் ஒரு கூசா நீரும் போதுமாயிருந்தன. இன்றோ கைக்குழந்தையின் பாலுண்டு, முதியோரின் மருந்துண்டு, திரும்பி வரும்போது ஊரிலிருந்து கொண்டுவர நண்டும் றாலும் உண்டு. இவை யாவும் குளிர்ச்சியை வேண்டி நிற்பவை. ஆதலால், பயணத்துக்கு எடுத்துச் செல்லக்கூடிய குளிர்ப்பெட்டிகளுள் எது நல்லது, எது நம் கைக்கு அடக்கமானது என்னும் கேள்வி பல குடும்பங்களில் எழுந்துள்ளது. எம் வீட்டிலும் எழுந்தது. அதற்கு விடை காண நாம் பட்ட பாட்டையும், கண்ட உண்மைகளையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன் தரும் என எண்ணுகிறோம்.

ஒரு கசப்பான பாடம்

எம் அன்னையார் நீரிழிவு நோயாளர். நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். முன்னொரு முறை நல்லூர்த் திருவிழாவுக்குப் புறப்பட்டபோது, மீன்கடைகளில் காணும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றை வாங்கி, வீட்டு உறைபெட்டியில் இரவெல்லாம் கிடந்த ஐஸ் பொதிகளை அதில் அடுக்கி, அவற்றின் மேலேயே மருந்தையும் வைத்தோம். வவுனியாவில் திறந்து பார்த்தால் மருந்து உறைந்து கட்டியாகிக் கிடந்தது.

“உருகினால் சரியாகிவிடும் அல்லவா?” என்றோம் நாம். அது பெரும் பிழை. உறைந்த இன்சுலின் உருகிய பின்னர் பார்வைக்கு முன்போலவே தோன்றலாம். அதன் வலிமையை நம்ப முடியாது. அதனை எறிவதே முறை. அன்றிரவு வவுனியாவில் மருந்துக்கடை தேடி அலைந்த அலைச்சலை நாம் மறக்கவில்லை. குளிர் குறைந்தால் மட்டுமன்று, மிகுந்தாலும் கேடே என்பதை அன்று கற்றோம்.

திறவாத இன்சுலினை 2 பாகை முதல் 8 பாகை வரையான வெப்பநிலையில் வைத்தல் வேண்டும். சமைத்த உணவுக்கும் ஓர் எல்லை உண்டு. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும். அவ்வெப்பத்தில் மீன் கறியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தல் ஆகாது. 32 பாகைக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரமே எல்லை. ஆகவே நாம் தேட வேண்டியது 4 பாகையை விடாது காக்கும் பெட்டி ஒன்றையே.

மருமகனின் யோசனை

சென்ற ஆண்டு கனடாவிலிருந்து வந்த எம் தங்கை மகன், “மாமா, படுக்கையும் சிறு அடுப்பும் உள்ள வான் ஒன்றை வாடகைக்கு எடுப்போம். புத்தளம், அநுராதபுரம், யாழ்ப்பாணம் பார்த்து, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாகத் திரும்புவோம். அம்மம்மாவும் வரவேண்டும்” என்றான்.

“பத்து நாளுக்கு என் மருந்தை எங்கே வைப்பாய், பிள்ளை?” என்றார் அன்னையார்.

அந்த ஒரு கேள்வியிலேதான் பயணம் முழுவதும் தங்கியிருந்தது. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் எம் அத்தான் மின்வேலையில் தேர்ந்தவர். மூவருமாகப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் ஏறி இறங்கினோம். கடைக்காரர் ஒவ்வொருவரும் தம் பெட்டியே சிறந்தது என்றனர். அத்தான் மட்டும், “வெளியே பார்க்க எல்லாம் பெட்டிதான். உள்ளே குளிர் எப்படிப் பிறக்கிறது என்று கேளுங்கள்” என்றார். அவ்வாறு பார்க்குமிடத்து வகைகள் நான்கே.

முதலாவது: ஐஸ் பெட்டி

ஐஸ் ஒரு காலத்தில் அரும்பொருள். 1833ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து ஏரிப் பனிக்கட்டி கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வந்தது. சென்னைக் கடற்கரையில் அதனைச் சேமிக்கக் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’ இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கொழும்பில் 1866இல் கொழும்பு ஐஸ் கம்பெனி தோன்றிய பின்னரே இங்கு இயந்திர ஐஸ் கிடைக்கலாயிற்று.

ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோயூல் வெப்பத்தை உட்கொள்ளும். ஆனால் பெட்டியின் சுவர் எத்துணைத் தடிப்பு என்பதே அது எவ்வளவு நேரம் நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டரைச் சென்ரிமீற்றர் ரெஜிபோம் சுவரும் ஒரு சதுர மீற்றர் மேற்பரப்பும் கொண்ட பெட்டிக்கு, வெளியே 32 பாகை வெயில் இருக்கையில், 5 கிலோ ஐஸ் சுமார் 12 மணி நேரம் தாங்கும். சுவர் இருமடங்கு தடித்தால் காலமும் இருமடங்காகும். விலையோ மிகக் குறைவு. யாழ்ப்பாணத்துக்கு ஓரிரவுப் பயணம் செய்வோர்க்கு இதுவே போதும். ஆயின், மருந்தை ஐஸிலே பட வைக்காது, துணியில் சுற்றித் தனிப் பெட்டியில் இட்டு மேலே வைத்தல் வேண்டும். பத்து நாட் பயணத்துக்கோ, ஊருக்கு ஊர் ஐஸ் தேட வேண்டிவரும்.

இரண்டாவது: மின்னால் நேரே குளிரும் பெட்டி

1834இல் பெல்ற்றியே என்னும் பிரெஞ்சுக்காரர் ஒரு விந்தையைக் கண்டார். இரு வேறு உலோகங்கள் கூடும் இடத்தில் மின்னோட்டம் பாய்ந்தால், ஒரு பக்கம் குளிர்கிறது. மறு பக்கம் சூடேறுகிறது. இத்தத்துவத்தில் இயங்கும் பெட்டிகள் பாரமற்றவை, விலையும் மலிவு, வானின் சிகரெற் லைற்றர் துளையிலேயே சொருகலாம். கடைகளில் எம் கண்ணை முதலில் கவர்ந்ததும் இதுவே.

ஆனால் இதற்கு ஒரு குறையுண்டு. இது வெளிவெப்பத்திலும் ஏறத்தாழ 20 பாகை மட்டுமே தாழ்த்த வல்லது. கொழும்பில் 31 பாகை எனில் உள்ளே 11 பாகை. வெயிலில் நிறுத்திய வானுக்குள் 45 பாகை ஏறினால், பெட்டிக்குள் 25 பாகை! குளிர்நாட்டுக்கு ஏற்றது, அநுராதபுரத்து வெயிலுக்கு ஏலாது. மேலும் இது ஓய்வின்றி 50 வாற்றளவு மின்னை இழுக்கும். இரவில் வான் நிற்கையில் பத்து மணி நேரம் இயங்கினால் 40 அம்பியர்-மணிக்கு மேற் செலவாகும். விடியலில் வான் இயக்கம் கொள்ளாது.

மூன்றாவது: எரிவாயுப் பெட்டி

1922இல் சுவீடன் நாட்டில் பிளாற்றன், முன்ரேர்ஸ் என்னும் இரு மாணவர்கள் அசையும் உறுப்பு எதுவும் இன்றி, வெப்பத்தைக் கொண்டே குளிர் உண்டாக்கும் பெட்டியை அமைத்தனர். மாணவர்கள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. இதில் ஓசை இல்லை, மின்சாரமும் வேண்டாம். எனினும் சமதரையில் நேரே நின்றாலன்றிச் செவ்வனே இயங்காது. வண்டி ஓடும்போது சுடர் எரிய விடுவதும் தகாது. மனிதர் உறங்கும் அடைத்த வானுக்குள் காற்றோட்டமின்றி எரிவாயு எரிந்தால் நச்சுவாயு சேரும். குழந்தையும் முதியவரும் துயிலும் வண்டியில் இதனை வேண்டாம் என்றே தள்ளினோம்.

நான்காவது: கொம்பிறெசர் பெட்டி

நெற்றியில் ஓடிக்கொலோன் தடவினால் குளிர்வதேன்? அது ஆவியாகும்போது உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கொம்பிறெசர் பெட்டியும் அதனையே செய்கிறது. ஒரு திரவம் குழாய்களில் ஆவியாகி உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவரும். இயந்திரம் அதனை அழுத்தி வெளியே வெப்பத்தை விடச் செய்து மீண்டும் திரவமாக்கும். இம்முறைக்கு ஜேக்கப் பேர்க்கின்ஸ் என்பவர் இலண்டனில் உரிமம் பெற்றதும் அதே 1834ஆம் ஆண்டிலேயே! எம் வீட்டுப் பிறிஜ்ஜும் இம்முறையினதே. பயணப் பெட்டியோ 12 வோல்ற்றிலும் இயங்கும் சிறு வடிவம்.

வெளிவெப்பம் எதுவாயினும் இது 4 பாகையைப் பிடித்து நிற்கும். வேண்டின் உறையவும் வைக்கும். குளிர்ந்ததும் தானே நின்றுவிடுவதால் மின்செலவும் குறைவு. இதன் ஒரே குறை விலை.

கணக்குப் பார்த்தோம்

அத்தான் ஒரு கடதாசியில் கணக்கிட்டுக் காட்டினார். பெட்டி 45 வாற்று இழுத்து, நாளின் பாதி நேரம் இயங்கினால் 540 வாற்று-மணி. 12 வோல்ற்றில் அது 45 அம்பியர்-மணி. ஈயப் பற்றரி 100 அம்பியர்-மணியினது எனினும் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு நாளுக்கே போதும். அதே அளவுள்ள லிதியம் பற்றரி ஏறத்தாழ இரண்டு நாள் தாங்கும். பகலில் வான் ஓடும்போது மீண்டும் நிரம்பும். எதுவாயினும், வானை இயக்கும் பற்றரியிலிருந்து இரவில் மின் எடுக்கலாகாது. தனிப் பற்றரி வேண்டும்.

“மலிவுப் பெட்டியை இன்று வாங்கினால், அடுத்த ஆண்டு நல்ல பெட்டியையும் வாங்க வேண்டிவரும். இரண்டு விலையையும் கூட்டிப் பாருங்கள்” என்றார் அத்தான். ஆயினும் கொம்பிறெசர் பெட்டியின் விலை எம் ஒருவர் வருவாய்க்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. அப்போது மருமகன் ஒரு வழி சொன்னான். “மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கினால் என்ன? பயணம் செல்வோர் எடுத்துச் செல்லட்டும்.” அவ்வாறே வெள்ளவத்தை வீடு, கொட்டாஞ்சேனை வீடு, மருமகன் என மூன்று பங்காகப் பணம் இட்டு, 20 லீற்றர் பெட்டி ஒன்றை வாங்கினோம். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை மறந்தவர் யார்? அத்தகைய நாளில் பற்றரியுடன் இப்பெட்டி வீட்டிலும் உதவும் என்பது எமக்கு மேலும் ஊக்கம் தந்தது.

வாங்குவோர் கவனிக்க

பெட்டியின் தகட்டில் காலநிலை வகுப்பு குறிக்கப்பட்டிருக்கும். ‘என்’ எனில் 32 பாகை வரை, ‘எஸ்.ரீ.’ எனில் 38 வரை. ‘ரீ’ எனில் 43 பாகை வரை தாங்கும். நம் நாட்டுக்கு ‘ரீ’ வகுப்பே ஏற்றது. பற்றரி தாழ்ந்தால் தானே நிற்கும் காப்பு உண்டா எனக் கேளுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பழுதானால் திருத்துவார் யார், உத்தரவாதம் எத்தனை மாதம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். தேவைக்கு மிஞ்சிய பெரிய பெட்டியை நாடாதீர்கள். வெறும் இடத்தைக் குளிர்விப்பதற்கும் மின் வேண்டும்.

புறப்படும் முன்னிரவே வீட்டு மின்னில் பெட்டியைக் குளிரவிட்டு, குளிர்ந்த பொருள்களையே அதில் வையுங்கள். ஆவி பறக்கும் புட்டை உள்ளே வைத்தால் மற்றவையும் சூடேறும். காற்றுத் துவாரங்களை மூட்டை முடிச்சுகளால் அடைக்காதீர்கள். மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் குறையும். தடித்த கம்பியே பொருத்துங்கள். சிறு வெப்பமானி ஒன்றை உள்ளே இடுங்கள். எண்காட்டியை மட்டும் நம்பி மருந்தைப் பணயம் வைத்தல் கூடாது.

இன்சுலின் ஒன்றுக்காகவே பெட்டி வாங்க நினைப்போர்க்கு ஒரு சொல்: பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலின் பெரும்பாலும் 30 பாகைக்கு உட்பட்ட நிழலில் ஏறத்தாழ நான்கு வாரம் நிற்கும். குறும்பயணத்துக்கு ஒரு வெந்நீர்ப் போத்தலில் குளிர்நீரை ஊற்றிச் சற்று நேரங் கழித்துக் கொட்டிவிட்டு, மருந்தைத் துணியில் சுற்றி வைத்தாலே போதும். உங்கள் மருந்துக்குரிய காலத்தை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முறிகண்டியில்

வவுனியா கடந்து முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில், வழக்கம்போல் வானை நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். மருமகன் கச்சான் வாங்கப் போனான். வெளியே வெயில் தகித்தது. அன்னையார் வானுக்குள் குனிந்து பெட்டியைத் தாமே திறந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு வெப்பமானியைப் பார்த்தார்.

“நாலு” என்றார். பின்னர் மூடியை மெல்லச் சாத்திவிட்டு, “இனி மட்டக்களப்புக்கும் போகலாம்” என்றார்.

பத்து நாளும் மருந்து கெடவில்லை. திரும்பும்போது அதே பெட்டியில் மட்டக்களப்புத் தயிர் வந்தது. இப்போது பெட்டி கொட்டாஞ்சேனையில் இருக்கிறது. அடுத்த முறை அத்தான் வீட்டார் கதிர்காமம் செல்கின்றனர்.