நம் பிள்ளைகளுக்கு வராதது எது?

காஞ்சிபுரத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் ஓர் இளைஞரைச் சந்தித்தோம். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவுப் பணி முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது கைப்பேசியில் கோடிங் வீடியோ பார்த்து வந்தவர். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் என்று எட்டு மாதம் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். "இப்ப விட்டுட்டேன் அண்ணா. நமக்கெல்லாம் அது வராது" என்றார்.

'நமக்கெல்லாம்' என்ற சொல்தான் நம்மை உறுத்தியது. பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சிலிருந்து நேர்முகத் தேர்வு அறை வரை, மற்றவர்கள் நம் காதில் ஓதி ஓதி நம் வாய்க்கே வந்துவிட்ட சொல் அது.

மேலும் பேசியபோது உண்மை தெரிந்தது. மூன்று மொழிகளிலும் முதல் நான்கு பாடங்களைப் பார்த்தவர், தாமாக ஒரு நிரலும் எழுதியதில்லை. எதை முதலில் படிப்பது, எதைப் பிறகு படிப்பது என்று சொல்ல ஆளில்லை. பயிற்சிக் கணக்கு கொடுக்கவோ தவற்றைச் சுட்டவோ யாருமில்லை. வசதியுள்ள வீட்டில் இதையெல்லாம் பணம் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். பிறகு அதற்குத் 'திறமை' என்று பெயர் வைக்கிறார்கள்.

தனியாகப் படிப்பவர் பாதியில் விடுவது நம் சேரியில் மட்டும் நடப்பதில்லை. ஹார்வர்டு, எம்.ஐ.டி. நடத்திய இணைய வகுப்புகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு 3 பேர்தான். விட்டுப்போன 97 பேரிடம் யாரும் சாதி கேட்கவில்லை. உனக்கு வராது என்றும் சொல்லவில்லை.

வரிசையின் அருமையைக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எந்த இழை எழ வேண்டும், எது எழக் கூடாது என்று சொல்கின்றன. ஓர் அட்டை இடம் மாறினால் மயிலின் கழுத்து கோணிவிடும். 1804இல் பிரான்சில் ஜக்கார்டு உருவாக்கிய இந்த முறையிலிருந்துதான், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு அட்டைகளை எடுத்துக்கொண்டார் சார்லஸ் பாபேஜ்.

அந்தத் தறியருகில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள். கோர்வைப் புடவையின் கரைக்குத் தனி நாடா. அதை வீச உதவிக்கு ஒரு கை வேண்டும். வீட்டுக்காரர் வாங்கிய முன்பணத்துக்காக அடகு போன சிறு பிள்ளைகளின் கை அது. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. தலித், முஸ்லிம் குழந்தைகள் பெருமளவில் சிக்கியிருந்ததை அது பதிவு செய்தது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தறியின் வரிசையைப் பிழையின்றிக் கற்ற சமூகத்துக்குக் கணினியின் வரிசை வராதா?

வரிசைப்படி கற்பதற்கான கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களைப் பலரும் அறிவதில்லை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10 நிமிடம். திரையில் ஆங்கிலம் இருந்தாலும் பல பாடங்களைத் தமிழ்க் குரலில் கேட்கலாம். கொஞ்சம் கேட்டு, நிறுத்தி, பக்கத்திலேயே செய்து பார்க்க வேண்டும். பதிவிறக்கி வைத்தால் இணையமும் தேவையில்லை. 2014இல் தொடங்கிய 'ஃப்ரீகோட்கேம்ப்' தளத்தில் சிறு சிறு படிகளாகப் பயிற்சி வருகிறது. எழுதிய நிரலைத் தளமே சோதித்துத் தவற்றைக் காட்டும். தமிழில் படிக்க, 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் இருக்கிறது. அதில் து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசைக் கட்டுரைகள் இலவச மின்னூல்களாகவும் கிடைக்கின்றன. நம் ஊர்ப் பெயரிலேயே இயங்கும் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு வாரந்தோறும் இணையவழி கூடுகிறது. தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம்.

பட்டமே வேண்டுமென்றால் சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பு உண்டு. ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடம் படித்து, அதன் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வாரந்தோறும் ஒப்படைப்பு, நேரில் தேர்வு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்குக் கட்டணத்தில் பாதிச் சலுகை. வருமானம் மிகக் குறைந்தவருக்கு முக்கால் பங்கு சலுகை. வேலை உறுதி என்று ஆசை காட்டும் பயிற்சி மையத்துக்கு நகையை அடகு வைக்கும் முன் பெற்றோர் இவற்றை விசாரிக்க வேண்டும்.

ஆனால் கருவி மட்டும் போதாது. கைப்பேசியில் வீடியோ பார்க்கலாம். நிரல் எழுதிப் பழகக் கணினி வேண்டும். 2011 முதல் அரசு கொடுத்த மடிக்கணினிகள் சில வீடுகளில் பரணில் தூசி படிந்து கிடக்கின்றன. வேலை செய்பவற்றைக் கீழே இறக்குங்கள். அம்பேத்கர் படிப்பகத்திலோ சமுதாயக் கூடத்திலோ மாலையில் இரண்டு மணி நேரம், ஐந்து பேர், ஒரே பாடத்திட்டம். முடிக்கும்வரை வேறு பாடத்துக்குத் தாவக் கூடாது. ஞாயிறுதோறும் கற்றதை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'கற்பி' என்று அண்ணல் சொன்னதற்கு இதுவும் பொருள்தான். ஆதிதிராவிடர் நல விடுதிகள்தோறும் இயங்கும் கணினியும் இணையமும் வேண்டுமென்று மாவட்ட நிர்வாகத்திடம் கேட்போம். தாட்கோ பயிற்சிகளில் சேர்ப்பதோடு நிற்காமல், முடிக்கும்வரை வழிநடத்த ஆள் வேண்டுமென்றும் கேட்போம்.

அந்த இளைஞர் இப்போது நண்பர்கள் மூவரோடு பைத்தானின் முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அவர் எழுதிய நிரல் ஓடவில்லை. ஏழாவது வரியில் பிழை என்று காட்டியது. "எந்த வரின்னு அதுவே சொல்லுது அண்ணா" என்று சிரித்தார். திருத்தினார், ஓடியது.