வேஷமா, ஸ்வபாவமா?

2011-ஆம் ஆண்டில் லானா டெல் ரே என்னும் இளம் அமெரிக்கப் பாடகி 'வீடியோ கேம்ஸ்' என்ற பாடலை யூடியூபில் வெளியிட்டபோது, கம்ப்யூட்டர் காமிராவின் முன் அமர்ந்து தம்மைத் தாமே படமெடுத்து, எங்கெங்கோ கிடைத்த பழைய படத்துண்டுகளையும் சேர்த்து அவரே தொகுத்திருந்த அந்தக் காட்சியில் பெரிய கம்பெனிகளின் பணமோ மினுமினுப்போ தென்படவில்லை. அக்காலத்து நடனப் பாடல்களின் ஆர்ப்பாட்டத்துக்கு முற்றிலும் மாறாக, பியானோவும் ஹார்ப்பும் நிதானமாகத் தொடர, கீழ் ஸ்தாயியில் சோகம் ததும்ப ஒலித்த அந்தச் சாரீரத்தைக் கேட்டவர்கள், ஓர் அரிய கலைஞரைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டதாகப் பூரித்துப்போனார்கள்.

அந்தப் பூரிப்பே பின்னர் கோபமாக மாறியது. நியூயார்க்கில் 1985-இல் பிறந்து, லேக் பிளாஸிட் என்ற மலையூரில் வளர்ந்து, ஃபோர்டாம் சர்வகலாசாலையில் தத்துவம் பயின்ற எலிசபெத் கிரான்ட் என்பவரே இவர் என்றும், 'லிஸி கிரான்ட்' என்ற பெயரில் முன்பே பாடிவந்தவர் என்றும், 2010-இல் வெளியான முதல் இசைத்தொகுப்பு சிறிது காலத்திலேயே விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது என்றும், தகப்பனார் வசதியுள்ள வியாபாரி என்றும் செய்திகள் ஒவ்வொன்றாக வெளிவரவே, 'இவர் கம்பெனியார் செய்து வைத்த பொம்மை' என்ற அபவாதம் எழுந்தது. பெரிய கம்பெனிகளைச் சாராமல் வளரும் சங்கீதமே பரிசுத்தமானது என்று நம்பிய ரசிகர்களுக்கு, தாங்கள் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் தாங்க முடியாததாயிற்று. லானா டர்னர் என்ற பழைய சினிமா நட்சத்திரத்தையும் ஃபோர்டு கம்பெனியின் ஒரு காரையும் நினைவூட்டும் அவரது புதுப்பெயர் மாத்திரமல்ல, அவருடைய உதடுகள்கூட விசாரணைக்கு உள்ளாயின. ஒரு பெண்ணின் பாட்டை மதிப்பிட முகத்தை ஆராய்வது எனக்கு அருவருப்பாகவே தோன்றுகிறது.

2012 ஜனவரி 14 அன்று 'ஸாட்டர்டே நைட் லைவ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில், 'பார்ன் டு டை' என்ற அவருடைய அடுத்த முழு இசைத்தொகுப்பு வெளியாகுமுன்பே, அவர் நேரடியாகப் பாடினார். சுருதியில் நில்லாமல், உடலில் தயக்கம் தெரிய அவர் பாடியது குறையுள்ள கச்சேரிதான். ஆனால் அனுபவமில்லாத பாடகி பெரிய மேடையில் தடுமாறியதை, அவர் போலி என்பதற்கு ருசுவாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள்.

போலித்தனம் என்பதற்கு மெய்யான உதாரணம் அந்தத் துறையிலேயே உண்டு. 1990-இல் மில்லி வனில்லி என்ற இருவர் குழு பெற்ற கிராமி விருது, அவர்களது இசைத்தட்டில் ஒலித்தது வேறு பாடகர்களின் குரல் என்று வெளிப்பட்டபின் திரும்பப் பெறப்பட்டது. அங்கே குரலே களவு. இங்கோ குரலும் அவருடையது, பாடல்களை இயற்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. பெயரை மாற்றிக்கொண்டதே குற்றமென்றால், ராபர்ட் ஸிம்மர்மன் பாப் டிலன் ஆனதையும், டேவிட் ஜோன்ஸ் டேவிட் போவி ஆனதையும் கலையின் சுதந்திரமென்று கொண்டாடிய உலகம், ஓர் இளம்பெண் அதையே செய்தபோது மாத்திரம் பிறப்புச் சான்றிதழைக் கேட்டது என்ன நியாயம்? தாம் பூண்ட பழைய ஹாலிவுட் கோலத்தை அவர் பாட்டின் பொருளோடு இழைத்தே பாடினார்; அந்த இழைப்பில்தான் அவருடைய கலை இருக்கிறது என்பது என் துணிபு.

'பார்ன் டு டை' என்ற அந்தத் தொகுப்பு, பழித்தவர்கள் பழித்துக்கொண்டிருக்கையிலேயே, பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் இரண்டாம் இடத்தையும் எட்டியது. அவர் 2019-இல் வெளியிட்ட தொகுப்பு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது. தமக்கென்று ஒரு வேஷம் என்றுமே இருந்ததில்லை என்று விமர்சகர்களுக்கு வெளிப்படையாக மறுமொழி சொன்ன அவர், 2023-இல் வெளியிட்ட தொகுப்பைத் தம் குடும்பப் பெயரையே தலைப்பாகக் கொண்ட 'தி கிரான்ட்ஸ்' என்ற பாடலோடு தொடங்கினார்.